லூயி பாஸ்டரும் கலங்கிய பீரும்

தெளிந்திருக்க வேண்டிய நீர் கலங்கிப்போனால், அதனைக் கொட்டிவிட்டு வேறு பணி பார்ப்பதே மக்கள் இயல்பு. கொட்டுவதற்கு முன்னர் அக்கலங்கலில் ஒரு துளியை எடுத்து, இஃது ஏன் கலங்கிற்று என உற்று நோக்கியவர் ஒருவர் இருந்தார். அவரே பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞராகிய லூயி பாஸ்டர். வெறிநாய்க்கடிக்கு மருந்து கண்டவர் என்று நம் மாணவர் அனைவரும் அவரை அறிவர். அம்மருந்தை நோக்கி அவர் நடந்த வழி, சாராய ஆலையின் தொட்டிகளுக்கும் பீர் ஆலையின் மிடாக்களுக்கும் இடையே சென்றது என்பதை அறிந்தவர் சிலரே. கல்லூரி மலரில் மதுவைப் பற்றிய பேச்சு எற்றுக்கு என அன்பர் வினவலாம். குடித்தலைக் குறித்து எழுந்ததன்று இக்கட்டுரை; கூர்ந்து காண்டலைக் குறித்து எழுந்தது. பாஸ்டர் தாமும் பீரை விரும்பிப் பருகுபவர் அல்லர்.

இளமை

பிரான்சு நாட்டின் கிழக்கே, ஜூரா மலைப்பகுதியில், டோல் என்னும் சிற்றூர் உளது. அங்கே 1822-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பாஸ்டர் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடுந் தொழிலினர். நெப்போலியனுடைய படையில் வீரராய் நின்று பதக்கம் பெற்றவர். குடும்பம் சில ஆண்டுகளில் ஆர்புவா என்னும் ஊரிற் குடியேறிற்று. சிறுவர் லூயி பள்ளியில் மிகச் சிறந்த மாணவர் என்று பெயர் பெற்றாரல்லர். வண்ணக்கோல் கொண்டு தாய் தந்தையரையும் அயலாரையும் படமாக வரைவதிலேயே அவர் கை தேர்ந்தது. கண்டதைக் கண்டவாறே வரையும் அந்தப் பழக்கம், பின்னாளில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்தபோது அவருக்குப் பெருந்துணை ஆயிற்று.

பதினாறு வயது நிரம்பா முன்னர் அவரைப் பாரிசு நகருக்குப் படிக்க அனுப்பினர். வீட்டு நினைவு அவரை வாட்டிற்று. தந்தையார் சென்று அழைத்து வந்தார். பின்னர் பெசான்சோன் என்னும் ஊரிற் பயின்று பட்டம் பெற்றார். அத்தேர்வில் இரசாயனத்தில் அவர் பெற்ற மதிப்பு நடுத்தரமானதே. பாரிசிலுள்ள உயர்தர ஆசிரியக் கல்லூரியாகிய எக்கோல் நார்மாலுக்கு 1842-ஆம் ஆண்டு தேர்வு எழுதித் தேறினார். தம் வரிசை எண் தாழ்ந்திருந்தது கண்டு மனம் நிறைவுறாது, ஓராண்டு மீண்டும் உழைத்து, உயர்ந்த இடம் பெற்ற பின்னரே அக்கல்லூரியிற் புகுந்தார். தேறியது போதும் என்று இருப்பவர் பலர். தேறியும் போதாது என்றவர் அவர்.

படிகங்களும் இல்லறமும்

திராட்சை மது நிறைந்த பீப்பாய்களின் உட்புறத்தே ஒருவகை உப்பு படிவதுண்டு. அதிலிருந்து வரும் அமிலத்தின் உப்புப் படிகங்களைப் பாஸ்டர் 1848-ஆம் ஆண்டு ஆராய்ந்தார். ஒன்றேபோல் தோன்றிய படிகங்களுள் இருவகை இருத்தலையும், அவை வலக்கையும் இடக்கையும் போல் ஒன்றற்கொன்று கண்ணாடி நிழலாய் அமைந்திருத்தலையும் கண்டு, ஒவ்வொன்றாகக் கையினாற் பொறுக்கிப் பிரித்தார். அப்பொழுது அவருக்கு அகவை இருபத்தைந்து. வலம் இடம் என்னும் இவ்வேறுபாடு உயிர்ப்பொருள்களின் தொழிலிலேதான் பிறக்கின்றது என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றிற்று. சர்க்கரை மதுவாக மாறும் நொதித்தலின்மேல் அவர் கண் சென்றமைக்கு இதுவும் ஒரு காரணம்.

1849-ஆம் ஆண்டு ஸ்திராஸ்பூர்க்கு நகரில் ஆசிரியராயிருந்தபோது மரீ லொரான் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையார் கணவருக்கு எழுத்துப் பணியிலும் ஆராய்ச்சிப் பணியிலும் இறுதி வரையில் உறுதுணையாய் நின்றார்.

பீட்கிழங்குச் சாறு

1854-ஆம் ஆண்டு லீல் என்னும் தொழில் நகரில் விஞ்ஞானப் பகுதியின் தலைவராகப் பாஸ்டர் அமர்த்தப்பெற்றார். பீட்கிழங்கிலிருந்து சாராயம் எடுக்கும் ஆலைகள் அங்கே பல இருந்தன. 1856-ஆம் ஆண்டு பிகோ என்னும் ஆலை முதலாளி அவரிடம் வந்தார். அவர் மகன் பாஸ்டரின் மாணவன். சில தொட்டிகளில் சாராயம் நன்கு விளைகின்றது, சிலவற்றில் சாறு புளித்துக் கெடுகின்றது, காரணம் விளங்கவில்லை என்பது அவர் முறையீடு. இது கல்லூரித் தலைவருக்குரிய வேலையன்று என்று பாஸ்டர் மறுத்திருக்கலாம். அவரோ நாள்தோறும் ஆலைக்கு நடந்தார்.

நல்ல தொட்டியின் சாற்றுத் துளியில் உருண்டையான சிறு குமிழ்கள் தெரிந்தன. அவையே ஈஸ்ட்டு என்பன. கெட்ட தொட்டியின் துளியிலோ அவற்றினும் மிகச் சிறிய, கோல் போன்ற வேறு உருக்கள் நெளிந்தன. அக்காலத்தில் லீபிக் முதலிய பெரிய இரசாயன அறிஞர், நொதித்தல் என்பது அழுகும் பொருளின் அசைவால் நேரும் வெறும் இரசாயன மாற்றமே என்று கூறிவந்தனர். ஈஸ்ட்டு உயிருடையது என்று 1837-ஆம் ஆண்டளவிலேயே கான்யார் லத்தூரும் ஷ்வானும் கூறியிருந்தும், அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. பாஸ்டர் 1857-ஆம் ஆண்டு, பால் புளித்தலைப் பற்றிய தம் கட்டுரையில், அப்புளிப்புக்கு உரிய நுண்ணுயிர் தனியே ஒன்று உண்டு எனக் காட்டினார். சாராயம் விளைப்பது ஓர் உயிர். புளிப்பு விளைப்பது வேறோர் உயிர். ஒவ்வொரு மாற்றத்திற்கும் அதற்குரிய நுண்ணுயிர் உண்டு. இவ்வொரு கொள்கையே அவர் வாழ்நாள் முழுவதற்கும் அச்சாணி ஆயிற்று.

அந்நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன? தாமே தோன்றுகின்றன என்பார் ஒரு சாரார். பாஸ்டர் நீண்டு வளைந்த கழுத்துடைய கண்ணாடிக் குடுவைகளிற் சத்துநீரைக் கொதிக்க வைத்து ஆற விட்டார். காற்று உள்ளே சென்றது. தூசி கழுத்தின் வளைவிலேயே தங்கிற்று. நீர் தெளிவாகவே இருந்தது. கழுத்தை ஒடித்துவிட்டால் சில நாட்களில் நீர் கலங்கிற்று. கலங்கல் உள்ளே பிறப்பதன்று, புறத்திருந்து புகுவது என்பது இதனால் விளங்கிற்று. இவ்வாராய்ச்சிக்காக 1862-ஆம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானக் கழகம் அவருக்குப் பரிசு அளித்தது. அதன்பின் திராட்சை மதுவின் கேடுகளை ஆராய்ந்து, அதனை அளவோடு சூடாக்கினால் கெடாது என்று கண்டு, 1866-ஆம் ஆண்டு நூல் வெளியிட்டார்.

துயரின் ஆண்டுகள்

புகழ் வளர்ந்த அதே ஆண்டுகளில் வீட்டில் இருள் சூழ்ந்தது. ஐந்து மக்களுள் மூத்தவள் ழான் 1859-ஆம் ஆண்டு, ஒன்பதாம் வயதில், டைபாயிடு காய்ச்சலால் இறந்தாள். 1865-ஆம் ஆண்டு இரண்டு வயதுக் குழந்தை காமீல் மறைந்தது. மறு ஆண்டே, பன்னிரண்டு வயதுச் செசீலையும் டைபாயிடு கவர்ந்தது. அக்காய்ச்சலை விளைக்கும் நுண்ணுயிரை அன்று எவரும் கண்டிலர். ஜெர்மானிய மருத்துவராகிய ஏபெர்த் அதனைக் கண்டு உரைத்தது 1880-ஆம் ஆண்டில். மதுவின் நோயை அறிந்த தந்தைக்குத் தம் மகளின் நோயை அறிய வழியில்லை. மூன்று சிறு சவப்பெட்டிகளுக்குப் பின் நடந்தும் அவர் தம் ஆராய்ச்சியைக் கைவிட்டாரல்லர். தென் பிரான்சில் பட்டுப்புழுக்களின் நோயை ஆராய்ந்து கொண்டிருந்த காலத்தில், 1868-ஆம் ஆண்டு அக்டோபரில், பாரிசவாயு அவரைத் தாக்கிற்று. இடக்கையும் இடக்காலும் பின் ஒருகாலும் முழு வலிமை பெறவில்லை. அகவை அப்பொழுது நாற்பத்தைந்து.

1870-ஆம் ஆண்டு பிரான்சுக்கும் ஜெர்மானியருக்கும் போர் மூண்டது. பாஸ்டருடைய ஒரே மகன் படையிற் சேர்ந்தான். பிரெஞ்சுச் சேனை குலைந்து பின்வாங்கிய 1871-ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், முடங்கிய உடலோடு வண்டியேறி, சிதறிய வீரர் கூட்டத்தினிடையே மகனைத் தேடித் திரிந்து, உயிரோடு கண்டு மீட்டார் அத்தந்தை. பான் பல்கலைக்கழகம் தமக்கு அளித்திருந்த மருத்துவப் பட்டத்தைத் திருப்பி அனுப்பினார். தோற்ற தம் நாட்டுக்கு யாது செய்யலாம் என்று எண்ணினார். பீர்த் தொழிலில் ஜெர்மானியர் மேம்பட்டிருந்தனர். அத்தொழிலில் அவரை வெல்லப் பிரெஞ்சு மக்களுக்கு வழிகாட்டுவேன் என்று துணிந்தார். பகைமையிற் பிறந்த நோக்கம் அது. ஆயினும் அதன் பயன் நாட்டெல்லைக்குள் நிற்கவில்லை.

பீரின் நோய்

பீர் செய்யும் முறையைச் சுருங்கக் கூறுவோம். வாற்கோதுமையை நீரில் ஊறவைத்து முளைகட்டி உலர்த்துவர். அதனை நொறுக்கி வெந்நீரில் ஊறவைப்பின், தானியத்தின் மாச்சத்து சர்க்கரையாக மாறி, இனிய சாறு கிடைக்கும். அச்சாற்றை ஹாப் என்னுங் கொடியின் பூவோடு கொதிக்க வைப்பர். ஆறிய பின் ஈஸ்ட்டு இடுவர். ஈஸ்ட்டு சர்க்கரையை உண்டு சாராயமும் கரிவாயுவும் வெளியிடும். பின்னர் ஈஸ்ட்டு அடங்க, பீர் தெளியும். அக்காலத்து ஆலைகளில் கொதித்த சாற்றை அகன்ற தட்டங்களில் ஊற்றித் திறந்தபடியே ஆறவிட்டனர். ஒரு மிடாவின் ஈஸ்ட்டையே எடுத்து அடுத்த மிடாவில் இட்டனர். கேடு புகுவதற்கு இவ்விரண்டு வாயில்களும் போதும்.

1871-ஆம் ஆண்டு, தம் மாணவர் துய்க்லோ என்பார் இருந்த கிளெர்மோன் நகருக்குப் பாஸ்டர் சென்றார். அருகே ஷமாலியேர் என்னும் ஊரிலிருந்த சிறு பீர் ஆலையொன்றில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் இலண்டன் மாநகர் சென்று, விட்பிரெட் என்னும் பேராலையைக் காண விரும்பினார். அங்கே போர்ட்டர் என்னும் கரிய பீரின் ஈஸ்ட்டில் சிறிதளவு கேட்டு வாங்கி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். ஈஸ்ட்டின் உருண்டைகளுக்கிடையே, அங்கே இருத்தற்குரியன அல்லாத நுண்ணிய இழைகள் கலந்து கிடந்தன. இவ்வீஸ்ட்டினால் நல்ல பீர் வருதல் அரிது என்று அவர் கூறினார். ஆலையின் தலைவர்கள் வியப்புற்றனர். போர்ட்டரைப் பற்றிக் குறை எழுந்திருந்தமையின், அன்று காலையிற்றான் வேறோர் ஆலையிலிருந்து புதிய ஈஸ்ட்டு வரவழைத்திருந்தனர். சுவையாலும் நாட்பட்ட அனுபவத்தாலும் அவர்கள் ஐயுற்றதை, சுவைத்துப் பாராத ஒருவர் கண்ணாற் கண்டு கூறிவிட்டார். ஒரு கிழமைக்குள் அவர் மீண்டும் அங்கே சென்றபோது, ஆலையார் நுண்ணோக்கி ஒன்று வாங்கி வைத்திருந்தனர்.

பாரிசு திரும்பிய பின்னும் பணி தொடர்ந்தது. ஆய்வுச்சாலையிற் செய்த பீரைச் சுவைத்துப் பார்க்கும் பொறுப்பு, அதனை நன்கு அறிந்த நண்பர் பெர்த்தேன் என்பாருக்கு வாய்த்தது. விரிவுரை பின்னர் ஆகட்டும், முதலில் நல்ல பீர் வரட்டும் என்று அவர் நகையாடுவாராம். தாந்தோன்வீல் என்னும் ஊரின் பெரிய ஆலையிலும் சோதனைகள் நடந்தன. 1876-ஆம் ஆண்டு பீரைப் பற்றிய பாஸ்டரின் பெருநூல் வெளிவந்தது. கலங்கித் திரியும் பீர், புளிக்கும் பீர், நூல்போல் இழுபடும் பீர், அழுகல் நாற்றம் எடுக்கும் பீர் என்னும் ஒவ்வொன்றிற்கும் உரிய நுண்ணுயிர்களைப் படமாக அதில் வரைந்து காட்டினார். பிள்ளைப் பருவத்து வண்ணக்கோல் வீண்போகவில்லை. அவர் கூறிய தீர்வுகள் எளியவை: கொதித்த சாற்றைத் தூசி படாமல் மூடிய கலத்தில் ஆற்றுக, இடும் ஈஸ்ட்டை முன்னரே நுண்ணோக்கியிற் சோதித்துத் தூயதையே இடுக, புட்டியில் அடைத்த பீரை 50 முதல் 55 பாகை வரையில் சூடாக்குக.

கலங்கலின் வகை

கலங்கல் எல்லாம் நோய் அன்று என்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். பிற்காலத்தார் ஆராய்ந்து தெளிந்த இவ்வேறுபாடு, மேனாடுகளில் வீட்டிலேயே சிறு அளவிற் பீர் செய்வார்க்கு இன்றும் முதற்பாடமாய் இருக்கின்றது.

ஈஸ்ட்டு இன்னும் அடங்காமல் மிதந்தால் பீர் கலங்கித் தோன்றும். சில நாள் குளிர்ந்த இடத்தில் அசையாது வைப்பின் அது தானே தெளியும். குளிரூட்டும்போது மட்டும் மூடுபனிபோல் மங்கி, சூடு ஏறியவுடன் தெளிந்தால், தானியத்தின் புரதமும் துவர்ப்புச் சத்தும் ஒன்றுகூடினமையே காரணம்; சுவைக்கு அதனாற் கேடில்லை. மாச்சத்து முழுதும் சர்க்கரையாக மாறாது எஞ்சினும் கலங்கல் உண்டாகும். ஒரு துளி அயோடின் விட்டால் நீலநிறம் தோன்றி அதனைக் காட்டிக்கொடுக்கும். சூட்டிலும் தெளியாது, குளிரிலும் அடங்காது, நாளுக்கு நாள் மிகுந்து, புளிப்போ தீநாற்றமோ உடன்வருமாயின், அதுவே பாஸ்டர் கண்ட நோய். அதற்கு மருந்தில்லை; பீரைக் கொட்டிவிட்டுக் கலங்களைத் தூய்மை செய்தலே வழி. மீன்பசை முதலியன இட்டுத் தெளிவிக்க முயல்வார் உளர். அடங்காத ஈஸ்ட்டை அது படிய வைக்கும், நோயை மாற்றாது. நோயின் முதலை ஆராய்ந்து பின்னரே மருந்து செய்க என்று நம் வள்ளுவர் வகுத்த நெறி, மது மிடாவுக்கும் பொருந்துவதாயிற்று.

பாஸ்டரின் ஆராய்ச்சியிலும் ஒரு குறை இருந்தது. பிற நுண்ணுயிர் கலவாத ஈஸ்ட்டே தூய ஈஸ்ட்டு என அவர் கருதினார். டென்மார்க்கு நாட்டில், கார்ல்ஸ்பர்க்கு ஆலையின் ஆய்வுச்சாலையில் உழைத்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பார், ஈஸ்ட்டிலேயே நல்லினமும் தீயினமும் உண்டு என்றும், பீரைக் கசக்கவும் கலங்கவும் செய்வனவற்றுள் காட்டு ஈஸ்ட்டுக்களும் அடங்கும் என்றும் கண்டார். ஒரே ஓர் ஈஸ்ட்டுயிரைத் தனியே பிரித்து வளர்த்துப் பெருக்கி, 1883-ஆம் ஆண்டு அவ்வாலையிற் பயன்படுத்தினார். அதன் உரிமையாளராகிய யாக்கப்சன், அத்தூய ஈஸ்ட்டைப் பிற ஆலையாருக்கும் விலையின்றி வழங்கினார். பாஸ்டரின் நூல் திறந்த வாயிலின் வழியே சென்று, அவர் காணாத ஒன்றைக் கண்டவர் ஹான்சன். இன்று உலகில் மிகுதியாகச் செய்யப்படும் லாகர் என்னும் பீரின் ஈஸ்ட்டு, விஞ்ஞான வழக்கில் பாஸ்டரின் பெயரையே தாங்கி நிற்கின்றது.

மதுவிலிருந்து மருத்துவத்திற்கு

பீரைப் பற்றிய அந்நூலிலேயே பாஸ்டர் ஓர் எண்ணத்தை வெளியிட்டார். நுண்ணுயிர் புகுந்தமையால் பீரும் திராட்சை மதுவும் நிலைகுலைதலைக் காணுங்கால், மனிதர்க்கும் விலங்குகட்கும் நேரும் நோய்களும் இவ்வாறே நேர்தல் கூடும் என்று எண்ணாதிருக்க இயலவில்லை என்பது அதன் கருத்து. இக்கருத்தின் பயனை முன்னரே உணர்ந்தவர் லிஸ்டர் என்னும் ஆங்கில மருத்துவர். பாஸ்டரின் நொதித்தல் ஆராய்ச்சியைக் கற்று, புண் சீழ்வைத்தற்கும் நுண்ணுயிரே காரணம் எனத் தெளிந்து, கார்பாலிக்கு அமிலத்தால் புண்ணைத் தூய்மை செய்யும் முறையை 1867-ஆம் ஆண்டு வெளியிட்டிருந்தார். 1874-ஆம் ஆண்டு அவர் பாஸ்டருக்கு நன்றிக் கடிதமும் விடுத்தார்.

பாஸ்டர் இனி ஆலையை விட்டு மருத்துவமனையை நோக்கினார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் தாய்மாரைக் கொல்லும் காய்ச்சலுக்கு, நூலிற் கோத்த மணிகள் போன்ற ஒரு நுண்ணுயிரே காரணம் என்று 1879-ஆம் ஆண்டு மருத்துவர் அவையில் வரைந்து காட்டினார். கோழிக்காலராவுக்கும் ஆடுமாடுகளின் அடைப்பான் நோய்க்கும் தடுப்பு முறை கண்டார். பின்னையதை 1881-ஆம் ஆண்டு பூயி லெ ஃபோர் என்னும் ஊரில் பலரறிய மெய்ப்பித்தார். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், வெறிநாயாற் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மீஸ்தருக்கு முதல் ஊசி போடப்பெற்றது, அவன் பிழைத்தான். தம் மகள் ழான் இறந்த வயதே அவனுக்கும். அந்நாட்களில் அத்தந்தையின் உள்ளத்தே எழுந்தவை யாவை என்று நாம் கூற வேண்டுவதில்லை.

1888-ஆம் ஆண்டு பாரிசில் பாஸ்டர் நிலையம் திறக்கப்பெற்றது. 1907-ஆம் ஆண்டு நம் நீலகிரியில், குன்னூரிலும் அவர் பெயரால் ஒரு நிலையம் தோன்றி, வெறிநாய்க்கடிக்கு ஆளான எண்ணற்றோரைக் காத்தது. லீல் நகரத் தொட்டியின் துளியும் குன்னூர் மருந்தும் ஒரே நூலின் இரு முனைகள்.

1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் பாஸ்டர் உலக வாழ்வை நீத்தார். பாரிசு நிலையத்தின் அடியிலமைந்த கல்லறை மண்டபத்தில் அவர் துயில்கின்றார். அச்சுவர்களில் அவர் வாழ்நாட் பணிகள் ஆண்டுகளோடு பொறிக்கப்பட்டுள்ளன. வெறிநாய்க்கடி மருத்துவம் அவற்றுள் ஒன்று. 1871 என்னும் ஆண்டோடு பீர் ஆராய்ச்சியும் அவற்றுள் ஒன்று. ஏழைத் தொழிலாளன் பருகும் மலிவான ஒரு பானத்தின் கேட்டை ஆராய்ந்தமை, உயிர்காத்த பணியோடு சம மதிப்புப் பெற்று அங்கே நிற்கின்றது.

மாணவராகிய நாம் பெரிய வினாக்களையே தேடி அலைகின்றோம். சிறிய வினாக்கள் நம் வாயிலில் வந்து நின்றால் அவற்றை மதிப்பதில்லை. பிகோ வந்து கதவைத் தட்டியபோது பாஸ்டர் எழுந்து சென்றார். அவ்வளவே. கலங்கிய நீரைக் கொட்டும் முன் ஒரு துளி எடுத்துப் பார்க்கும் பொறுமை நமக்கும் வாய்ப்பதாக.